துப்பாக்கி உறை: தையலுக்கு முன் தண்ணீர்

இடுப்பில் அணியும் துப்பாக்கி உறைக்கு மூன்று வேலைகள் உண்டு. ஓடினாலும் குனிந்தாலும் துப்பாக்கி நழுவிவிடக் கூடாது. கை பிடித்து இழுக்கும்போது ஒரே இழுப்பில் அது வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே இருக்கிற நேரமெல்லாம் சுடும் விசையின் மேல் எதுவும் படாதபடி மூடியிருக்க வேண்டும். இவற்றில் முதல் இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை. இறுக்கித் தைத்தால் பிடிமானம் கிடைக்கும், ஆனால் இழுக்க வராது. தளர்த்தித் தைத்தால் இழுக்க வரும், ஓடும்போது விழுந்துவிடும். அமெரிக்காவில் உரிமையோடு துப்பாக்கி வைத்திருப்போர் பலர் தங்கள் உறையைத் தாங்களே செய்துகொள்வதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். புதிதாக இறங்குகிறவர் பெரும்பாலும் கருவிகளிலிருந்து தொடங்குகிறார்: குத்தூசி, இரட்டை ஊசி, மெழுகு தேய்த்த நூல், ஓரம் சீவும் உளி, துளையிடும் பல்வரிசை. காசும் கவனமும் அவற்றிலேயே கரைந்துவிடுகின்றன. தையல் அழகாக வந்த உறை ஒரு மாதத்தில் துவண்டு தொங்கும்போது, குறை தையலில்தான் என்று எண்ணி இன்னும் விலை உயர்ந்த ஊசி வாங்குகிறார். உண்மையில் அந்த மோதலைத் தீர்த்துவைப்பது தோலின் வேதியியல். தோல் எதனால் பதனிடப்பட்டது, எவ்வளவு நனைந்தபோது அழுத்தப்பட்டது, எந்த வெப்பத்தில் காய்ந்தது என்ற மூன்றும் சரியாக இருந்தால் சுமாரான தையலிலும் நல்ல உறை பிறக்கும். அவை தவறினால் எந்தத் தையலும் அதைக் காப்பாற்றாது. ஆகவே தொடங்குகிறவர் முதலில் பழக வேண்டியது தண்ணீரோடு.

இதற்கு முதல் மறுப்பு வரலாற்றிலிருந்தே வரும். குதிரைச் சேணத்தின் முன்பக்கம் கைத்துப்பாக்கிக்கு உறை மாட்டும் வழக்கம் மிகப் பழையது. சாமுவேல் கோல்ட் 1836இல் தம் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றபின், உறை மெல்ல மெல்ல இடுப்புக்கு இறங்கியது. மேற்கு அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளில் அணிந்த உறைகள் பெரும்பாலும் ஒரே தோலை மடித்து ஓரம் தைத்த தளர்வான பைகள். நனைத்து வார்க்காமலேயே அவை பயன்பட்டனவே என்று கேட்கலாம். பயன்பட்டன, ஆனால் பிடிமானத்தை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்டு. சிலவற்றில் மேலே மூடும் மடல் இருந்தது, சிலவற்றில் துப்பாக்கியின் சுத்தியல் மேல் மாட்டும் சிறு தோல் கயிறு இருந்தது. மடலைத் திறக்கவோ கயிற்றைக் கழற்றவோ ஒரு கூடுதல் அசைவு தேவைப்பட்டது. சட்டைக்குள் மறைத்து அணிய வேண்டிய காவலர்களுக்கு அது ஒத்துவரவில்லை. 1950களில் நியூயார்க்கில் சிக் கேலார்டு போன்ற கைவினைஞர்கள், குறிப்பிட்ட துப்பாக்கியின் உருவத்துக்கே தோலை நனைத்து அழுத்தி வார்த்த உறைகளைச் செய்தார்கள். விசைக் காப்பு வளையத்தின் மேல் தோல் சற்றே உள்வாங்கி நிற்கும். அந்தச் சிறு பள்ளத்தில் துப்பாக்கி தங்கிக்கொள்ளும். உறுதியாக இழுத்தால் தோல் இம்மியளவு விரிந்து விட்டுக்கொடுக்கும். மடலும் கயிறும் செய்த வேலையைத் தோலின் விறைப்பே எடுத்துக்கொண்டது. இன்று வீட்டில் உறை செய்கிறவர்கள் பின்பற்றுவது பெரும்பாலும் இந்த வழியைத்தான். அதனால் கேள்வி இப்படி நிற்கிறது: ஒரு நேரம் களிமண்ணாக வளைந்து, பிறகு பலகையாக நிற்கும் இந்த இயல்பு தோலுக்கு எங்கிருந்து வந்தது?

விடை கொலாஜன் என்ற புரதத்தில் இருக்கிறது. மாட்டுத் தோலின் நடு அடுக்கு முழுக்க கொலாஜன் இழைகளின் பின்னல். அந்தப் புரத மூலக்கூறு எப்படி அமைந்திருக்கிறது என்பதை முதலில் சரியாகச் சொன்ன ஊர் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரைகளில், மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறுதான் கொலாஜன் என்று காட்டினார்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் சுமார் 1000 அமினோ அமிலங்கள். மூன்றில் ஒன்று கிளைசின். மிகச் சிறியது என்பதால் முறுக்கின் நெருக்கமான நடுப்பகுதியில் அது மட்டுமே அடங்கும். இப்படி முறுக்கிய மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். பல மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து கற்றை என்று அடுக்கடுக்காக வளர்ந்து, கடைசியில் எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பின்னலாகிறது. நெய்த துணியில் பாவு, ஊடு என்று இரண்டு திசைகள்தான். தோலில் திசைக்குக் கணக்கே இல்லை. அதனால்தான் தட்டையான தோலைக் குண்டான வடிவத்தின் மேல் மடிப்பு விழாமல் இழுத்துப் படியவைக்க முடிகிறது.

இந்த இழைகளுக்கு இடையே எண்ணற்ற ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் வலுவற்றது. கூட்டமாகச் சேரும்போது அசைக்க முடியாதது. தண்ணீர் உள்ளே போனால் அதன் மூலக்கூறுகள் அந்தப் பிணைப்புகளுக்குள் புகுந்து, இழையோடு தாமே பிணைந்துகொள்கின்றன. இழைக்கு இழை இருந்த பிடி தளர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. அப்போது அழுத்தினால் அவை புதிய இடத்துக்கு நகரும். நீர் ஆவியாகி வெளியேறும்போது, நகர்ந்த இடத்திலேயே அண்டை இழைகளோடு மறுபடி பிணைந்துகொள்ளும். ஈரம் தெளித்து இஸ்திரி போட்ட பருத்திச் சட்டையில் மடிப்பு நிற்பதும் இதே ஹைட்ரஜன் பிணைப்பின் வேலைதான். அங்கே செல்லுலோஸ், இங்கே புரதம். ஆனால் பதனிடாத பச்சைத் தோலை இப்படி நனைத்து வைத்தால் அழுகிவிடும், காய்ந்தால் கொம்பாக இறுகி வெடிக்கும். பதனிடுதல் அதைத் தடுக்கிறது. எதனால் பதனிடுகிறோம் என்பதைப் பொறுத்து, நான் மேலே சொன்ன தளர்ச்சியும் இறுக்கமும் தோலில் மிஞ்சும், அல்லது காணாமற்போகும். உறை செய்பவரின் முதல் முடிவும் பெரிய முடிவும் இங்கேதான் வருகிறது.

மரப்பட்டை, காய், இலை ஆகியவற்றில் உள்ள டேனின்கள் பாலிஃபீனால் வகையைச் சேர்ந்தவை. கடுக்காயைக் கடித்தவுடன் நாக்கு இழுத்துப் பிடிப்பது, உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு அவை பிணைந்துகொள்வதால். தோல் தொட்டியிலும் நடப்பது அதே வினைதான். டேனின் மூலக்கூறு பெரியது. கொலாஜனோடு பல இடங்களில் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொண்டு, இழைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தையும் அடைத்துக்கொள்கிறது. அதனால் தாவரப் பதனீட்டுத் தோல் கனமாக, திண்ணென்று இருக்கும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டுக் கப்பலேற்றிய தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று உலகச் சந்தையில் தனிப் பெயரே இருந்தது. குரோம் பதனிடல் வேறு கதை. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் 1884இல் காப்புரிமை பெற்ற முறையும், 1893இல் மார்ட்டின் டென்னிஸ் எளிமையாக்கிய ஒரே தொட்டி முறையும் தோல் தொழிலையே புரட்டிப் போட்டன. குரோமியம் உப்பு புரதச் சங்கிலியின் அமிலத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு அண்டை மூலக்கூறுகளை இணைக்கிறது. அந்த இணைப்பு தண்ணீருக்கு அசையாது. வாரக்கணக்கில் தொட்டியில் கிடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது. தோலும் மென்மையாக, வெந்நீரையும் தாங்குவதாக அமைந்தது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலில் மிகப் பெரும்பகுதி குரோம் தோலே.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அடுப்படியிலேயே கண்ணால் பார்க்கலாம். இரண்டு வகைத் தோலிலும் விரலகலத் துண்டு ஒன்றை வெட்டி, கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் போடுங்கள். குரோம் துண்டு அளவு குறையாமல் அப்படியே வெளியே வரும். தாவரப் பதனீட்டுத் துண்டு சுருண்டு, சிறுத்து, தடித்து, ஆறியதும் மரச்சில்லு போலக் கடினமாகும். காரணம் சுருங்கு வெப்பநிலை. பச்சைத் தோலின் கொலாஜன் ஈரநிலையில் சுமார் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் முறுக்கவிழ்ந்து சுருங்குகிறது. தாவரப் பதனீட்டில் அது 70 முதல் 85 வரை ஏறுகிறது. நன்கு பதனிட்ட குரோம் தோலில் 100ஐத் தாண்டுகிறது. வெட்டு ஓரமும் வேறுபாட்டைக் காட்டும்: குரோம் தோலின் நடுவில் நீலம் கலந்த சாம்பல், தாவரத் தோலில் தேன் பழுப்பு. கடையில் ‘அசல் தோல்’ என்று எழுதியிருப்பது இந்த விஷயத்தில் ஒன்றுமே சொல்லாது. ஓரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

வெந்நீரே தாங்காத தோலை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும், குரோம் தோல் மலிவு, எங்கும் கிடைக்கிறது, மழையைத் தாங்குகிறது என்று இங்கே ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. செருப்புக்கும் சட்டைக்கும் சோபாவுக்கும் குரோம் தோல்தான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பலம் எதுவோ அதுவே உறைக்குப் பலவீனம். தண்ணீரால் தளராத பிணைப்பு, தண்ணீரால் புதிய வடிவத்தையும் ஏற்காது. நனைத்து அழுத்தினால் வளையும். கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். இழைகளுக்கு நடுவே நிரப்பும் பொருளும் குறைவு என்பதால் உறையின் வாய் தானாகத் திறந்து நிற்காது. தாவரத் தோலின் பிணைப்புகள் ஒவ்வொன்றும் நீருக்கு விட்டுக்கொடுக்கும் அளவுக்கு மெலிந்தவை. எண்ணிக்கையோ மிக அதிகம். மெலிவு வார்க்க உதவுகிறது, எண்ணிக்கை வார்த்ததை நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் வேறு தோல் வீட்டில் வேலை செய்கிறவருக்கு எளிதில் அகப்படாது. இந்த மெலிவுக்கு விலையும் உண்டு. தொடர்ந்த வியர்வையில் நனைந்த உறை மெல்ல வடிவம் இழக்கும். தடிமனும் மேற்பூச்சும் அதைத் தாமதப்படுத்துமே தவிர முழுதாகத் தடுக்காது.

தடிமனை அமெரிக்கத் தோல் வணிகம் அவுன்ஸில் சொல்கிறது. ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். உறைக்கு 7 முதல் 9 அவுன்ஸ், அதாவது 2.8 முதல் 3.6 மில்லிமீட்டர் தோல் வழக்கம். மெல்லியதில் விறைப்பு போதாது; இதைவிடத் தடித்தது நுணுக்கமான பள்ளங்களில் இறங்காது. தோலின் எந்தப் பகுதி என்பதும் தடிமனுக்கு ஈடாக முக்கியம். முதுகெலும்பை ஒட்டிய பின்பகுதியில் இழைகள் நெருங்கிப் பின்னியிருக்கும். வயிற்றுப் பகுதியில் தளர்ந்து கிடக்கும், இழுத்தால் நீளும். விலை குறைவு என்று வயிற்றுப் பகுதியை வாங்குவது புதியவர் செய்யும் வழக்கமான சிக்கனம். அந்தத் தோல் வார்ப்பை ஏற்கும், ஆனால் வைத்துக்கொள்ளாது. செயின்ட் லூயிஸில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் போன்ற தாவரப் பதனீட்டு ஆலைகளின் தோலை அமெரிக்கக் கைவினைஞர்கள் தேடி வாங்குவதற்குப் பெயர்ப் பெருமை மட்டும் காரணமில்லை. எண்ணெய் அதிகம் ஏற்றாத, தண்ணீரை ஒரே சீராக உறிஞ்சும் தோல்தான் வார்ப்புக்குப் பொருந்தும். ஏற்கெனவே மெழுகும் எண்ணெயும் ஊட்டிய சேணத் தோல் தொடுவதற்கு அருமையாக இருக்கும். தண்ணீரை உள்ளே விடாது.

அடுத்தது அச்சு. இதில் வடிவியல் கொஞ்சம் உண்டு. தாளில் துப்பாக்கியைக் கிடத்திக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தையல் போட்டால் உள்ளே எதுவும் நுழையாது. இரண்டு தோல்களுக்கு நடுவே துப்பாக்கி இருக்கும்போது, ஒவ்வொரு தோலும் அதன் பாதித் தடிமனுக்கு ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலமான துப்பாக்கி, 3 மில்லிமீட்டர் தோல் என்றால், பாதியான பன்னிரண்டரையோடு தோலின் 3ஐயும் கூட்டி, கோட்டுக்கு வெளியே சுமார் 15 மில்லிமீட்டரில் தையல் வரும். இது முதல் மதிப்பீடுதான். தோலின் நீட்சியைப் பொறுத்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே வரலாம். ஆகவே பழைய அட்டையிலோ மலிவுத் தோலிலோ ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. வெட்டும்போது தோலின் நீளும் திசையையும் கவனியுங்கள். முதுகெலும்பின் வாக்கில் தோல் குறைவாக நீளும். வாய்ப்பகுதி அகன்று போகாமலிருக்க, அந்த விளிம்பு குறைவாக நீளும் திசையில் அமைய வேண்டும்.

தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரு பக்கத்திலிருந்தும் செலுத்தும் சேணத் தையல்தான் முறை. இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் கொக்கியாக மாட்டிக்கொண்டிருக்கும், ஒன்று அறுந்தால் அடுத்ததும் உருவும். சேணத் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணி நகராது. ஓரங்களை முதலில் பசையால் ஒட்டி, தைக்கும் வரிக்கு ஆழமில்லாத பள்ளம் கீறிக்கொண்டால், நூல் பள்ளத்துக்குள் அமர்ந்து உரசலிலிருந்து தப்பும். ஒட்டுப்பசையின் ஆவி தலைசுற்றவைக்கும் என்பதால் சன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி நனைத்தல். புதியவர் தடுமாறும் இடம் இது, நான் நிதானிக்க விரும்புவதும் இதுவே. தைத்து முடித்த உறையைக் கை தாங்கும் வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகளிலிருந்து அரை நிமிடம் வரை முக்கி எடுத்தால், தோல் கருத்துக் கனக்கும். உடனே அழுத்தக் கூடாது. அந்த நிலையில் இழைகளுக்கு நடுவே உபரி நீர் நிற்கிறது. அழுத்தினால் நீர் பிதுங்கும், கையை எடுத்ததும் பள்ளம் நிரம்பிவிடும். காத்திருந்தால் மேற்பரப்பின் நிறம் மெல்ல வெளிறி, தோலின் பழைய நிறத்தை நோக்கித் திரும்பத் தொடங்கும். மேல் காய்ந்து வருகிறது, உள்ளே ஈரம் சமமாகப் பரவியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கட்டைவிரல் நகத்தால் ஓரமாக ஒரு கீறல் போட்டுப் பாருங்கள். கீறலில் நீர் கசிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். கீறல் மங்கி மறைந்தால் மிஞ்சிக் காய்ந்துவிட்டது, மறுபடி நனைக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக, கொஞ்சம் கருத்த கோடாக அப்படியே நின்றால் அதுதான் தருணம். தோலைப் புறங்கையில் வைத்தால் அப்போது குளிர்ச்சி தெரியும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. எடையிட்டுப் பார்க்காமல் விரலையும் கண்ணையும் நம்புவது அறிவியலாகுமா என்ற கேள்வி எழலாம். நகக்கீறல் அளப்பது நமக்குத் தேவையான பண்பையே: அழுத்தம் நீங்கிய பின் வடிவம் நிற்கிறதா என்பதை. வீட்டுத் தராசில் தெரியும் ஈர எடை தோலுக்குத் தோல் மாறும். கீறலின் விடை மாறாது.

நனைத்த உறைக்குள் செருகுவது உண்மைத் துப்பாக்கியாக இருக்கக் கூடாது. அச்சு அசலான அளவில், பாலியூரித்தேனில் முழுத் திண்மமாக வார்த்த நீலநிறப் பயிற்சிப் பொம்மைகள் அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே விற்கின்றன. சுட முடியாது என்பது முதல் நன்மை. இரண்டாவது நன்மை வேதியியல் சார்ந்தது: ஈரமான டேனின் இரும்பைத் தொட்டால் கருநீலச் சேர்மம் உண்டாகும். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதப் பயன்பட்ட கரிய மை இதே வினையிலிருந்து வந்ததுதான். வெளிறிய தோலில் அப்படிப்பட்ட கறை விழுந்தால் அழிப்பது கடினம். கையிலுள்ள இரும்புக் கருவியும் ஆணியும் கூடத் தடயம் விடும். பொம்மையைச் செருகிய பின், முதலில் விரல்களாலும் உள்ளங்கையாலும் பெரிய வடிவத்தை இறக்க வேண்டும். பிறகு எலும்பு அல்லது வழவழப்பான மரக் கருவியால் விசைக் காப்பு வளையத்தின் விளிம்பு, மேல்பகுதியின் நேர்க்கோடு ஆகியவற்றை அழுத்திக் காட்ட வேண்டும். எல்லா மேடு பள்ளத்தையும் செதுக்கிவைத்தது போல் காட்டும் உறை கண்ணைப் பறிக்கும். ஆனால் பிடிமானம் வருவது காப்பு வளையத்தின் மேலுள்ள ஒரு பள்ளத்திலிருந்துதான். மற்றவை பெரும்பாலும் அலங்காரம். தேவைக்கு மேல் போனால் உருவும்போது துப்பாக்கி சிக்கவும் காரணமாகும்.

காய வைப்பதில் அவசரக்காரர்கள் ஓவனைத் தேடுகிறார்கள். சூட்டில் காய்ந்த உறை இன்னும் விறைப்பாக வருவது அவர்களுக்குச் சான்றாகவும் தெரிகிறது. அவர்கள் பார்த்தது உண்மை, புரிந்துகொண்டது பாதி. சுமார் 45, 50 டிகிரி வெப்பக்காற்று நீரை விரைந்து வெளியேற்றி, இழைகள் நெருங்கி ஒட்ட உதவுகிறது. பல கைவினைஞர்கள் அந்த அளவில் காயவைக்கிறார்கள், அது தவறில்லை. ஆனால் ஈரத் தாவரத் தோலின் சுருங்கு வெப்பநிலை 70இலிருந்து தொடங்குகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டு ஓவனின் முள் காட்டுவதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. சூடேற்றும் கம்பிக்கு அருகில் இன்னும் அதிகம். எல்லையைத் தாண்டினால் கொலாஜனின் மூன்று சங்கிலி முறுக்கு அவிழ்ந்து, ஒரு பகுதி பசையாக உருகிவிடும். இடைக்கால ஐரோப்பாவில் தோலைத் திட்டமிட்டுச் சூடேற்றிக் கடினமாக்கிக் கவசம் செய்தார்கள். கவசம் வளைய வேண்டியதில்லை. உறையோ ஒவ்வொரு முறை உருவும்போதும் இம்மியளவு விரிந்து திரும்ப வேண்டும். முறுக்கவிழ்ந்த தோல் விரியாது, வெடிக்கும். மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் தொங்கவிடுவதே தொடங்குகிறவருக்கு நான் சொல்லும் வழி. அவசரம் என்றால் துணைக்கு ஒரு வெப்பமானி வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, கைடெக்ஸ் இருக்கிறதே என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த இந்தப் பிளாஸ்டிக் தகட்டைச் சூடேற்றி அழுத்தினால் சில நிமிடங்களில் உறை தயார். வியர்வைக்கு அசையாது, மழைக்கு ஊறாது, வாய் ஒருபோதும் மடங்காது. நம்பகத்தன்மை ஒன்றையே அளவுகோலாக வைத்தால் கைடெக்ஸ்தான் வெல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் வீட்டில் தொடங்குகிறவருக்குச் சிலவற்றை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தத் தகடு இளக 150 டிகிரிக்கு மேல் தேவை. மிஞ்சிச் சூடானால் பி.வி.சி. சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளிவிடும், சமையலறைக்கு அது ஆகாது. வெறும் கைகளால் அழுத்த முடியாது. தோலை 30 டிகிரி நீரில், வெறும் விரல்களால் வார்க்கலாம். பிழை நேர்ந்தால் நனைத்து மறுபடி தொடங்கலாம். காய்ந்த தோல் உறை துப்பாக்கியின் மேற்பூச்சையும் உடலையும் பிளாஸ்டிக் அளவுக்கு உரசாது. தண்ணீருக்கு விட்டுக்கொடுக்கும் பிணைப்பு என்று மேலே குறையாகச் சொன்னது, கற்றுக்கொள்கிறவருக்கு இங்கே வரமாகிறது.

காய்ந்த உறைக்கு எண்ணெய் பூசுவதில் கை அடக்கம் வேண்டும். எண்ணெய் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்கச் செய்கிறது. மெல்லிய பூச்சு வெடிப்பைத் தடுக்கும்; தாராளமாக ஊற்றினால் பாடுபட்டு ஏற்றிய விறைப்பு போய்விடும். தோலை மிருதுவாக்கினால் ஆயுள் கூடும் என்று காலணியில் பழகிய புத்தி இங்கே எதிராக வேலை செய்கிறது. தேன்மெழுகு கலந்த மேற்பூச்சு ஒன்றே போதும். ஓரங்களை ஈரப்படுத்தி மரத்தால் தேய்த்தால் உராய்வுச் சூட்டில் இழைகள் ஒட்டி மினுங்கும். அதில் அழகோடு நீர் புகும் வழியை அடைக்கும் பயனும் உண்டு. துப்பாக்கியை உறையிலேயே மாதக்கணக்கில் பூட்டிவைக்கவும் கூடாது. தோல் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், பதனீட்டு அமிலத்தின் எச்சமும் அதில் இருக்கும், எஃகு துருப்பிடிக்கும். பித்தளைத் தோட்டாக்கள் தோல் வளையங்களில் கிடந்தால் பச்சைக் களிம்பு பூத்து ஒட்டிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் படைவீரர்களுக்கு இது பெரும் தொல்லையாக இருந்தது. ஆன்சன் மில்ஸ் என்ற படை அதிகாரி வடிவமைத்த, பருத்தியில் நெய்த தோட்டா வார் பரவியதற்கு அது ஒரு காரணம்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை என்பதால், நம்மில் பெரும்பாலோருக்கு இந்த உறை தேவைப்படாது. ஆனால் தோட்டத்துக் கத்தரிக்கும், மின்பணியாளரின் குறட்டுக்கும், தச்சரின் அளவு நாடாவுக்கும் இடுப்புறை வேண்டியிருக்கிறது. அச்சு, நகக்கீறல், 50 டிகிரி வரம்பு எல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் என்று தோல் தொழில் ஊறிய ஊர்கள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, தாவரப் பதனீட்டுத் தோலில் நாலு துண்டு வாங்கி வெவ்வேறு ஈரத்திலும் வெப்பத்திலும் வளைத்துப் பார்ப்பது கடினமில்லை. பழுதானால் உயிருக்கு ஆபத்தில்லாத இந்த உறைகளில் கை பழகிவிட்டு, அதன்பின் துப்பாக்கிக்குப் போவதே அமெரிக்கத் தொடக்கக்காரருக்கும் பொருத்தமான வரிசை என்பேன். ஏனென்றால் துப்பாக்கி உறையில் தோல் துவள்வது அழகுக் குறையோடு நிற்பதில்லை. பழசாகி மெலிந்த வாய்விளிம்பு உள்பக்கம் மடங்கி, துப்பாக்கியைச் செருகும்போது காப்பு வளையத்துக்குள் நுழைந்தால், விரல் படாமலேயே விசை அழுந்தக்கூடும். ஆகவே புதிய உறை காய்ந்ததும் முதலில் பொம்மையைச் செருகித் தலைகீழாகப் பிடித்து உலுக்க வேண்டும், விழக் கூடாது. அடுத்து வளையத்தின் பக்கவாட்டில் விரலால் அழுத்த வேண்டும். விசைவரை தோல் அமுங்கக் கூடாது. கடைசியாகப் பொம்மையை உருவிவிட்டு, வாய்விளிம்பைப் பெருவிரலால் உள்நோக்கித் தள்ள வேண்டும், அது மடங்கக் கூடாது. இந்தச் சோதனையை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் திரும்பச் செய்வது நல்லது. விளிம்பு மட்டும் வளைந்தால், வாயைச் சுற்றி இன்னொரு பட்டைத் தோல் வைத்துத் தைத்து, நனைத்து, மறுபடி வார்க்கலாம். உடல்பகுதியே துவண்டிருந்தால் அந்த உறையைக் கழித்துவிட்டு, முதுகுப் பகுதியிலிருந்து புதிய தோல் வெட்ட வேண்டியதுதான்.